விடுகதை விளையாட்டு

விளையாட்டு இருவகைப்படும். உடலால் ஆடுவது ஒன்று. அறிவால் ஆடுவது மற்றொன்று. சடுகுடு, பந்தாட்டம், நீச்சல் ஆகியன முதல் வகையைச் சார்ந்தன. அவற்றுக்குத் திடலோ கடற்கரையோ வேண்டும். இரண்டாம் வகைக்கு ஒரு திண்ணை போதும். மழை பெய்து வெளியே செல்ல இயலாத மாலைப்பொழுதிலும், விளக்கு அணைந்துபோன இரவிலும் அதனை ஆடலாம். அதற்காகும் செலவு ஒரு காசும் இல்லை. நாம் நாள்தோறும் பேசும் தாய்மொழியே அதற்குக் கருவி. இத்தகைய அறிவு விளையாட்டுகளுள் தொன்மையும் சிறப்பும் உடையது விடுகதை.

சென்னை மாநகரின் வடபகுதியில் கடலை ஒட்டி அமைந்துள்ளது இராயபுரம். அதன் தெற்கே துறைமுகம் விரிந்து கிடக்கிறது. வடக்கே காசிமேட்டு மீன்பிடி துறைமுகமும், அதற்கு அப்பால் திருவொற்றியூரும் எண்ணூரும் தொடர்கின்றன. கடலில் வலை வீசுவோர், கப்பலிலிருந்து சரக்கு இறக்குவோர், இருப்புப்பாதையில் பணிபுரிவோர், ஆலைத் தொழிலாளர் எனப் பல தொழிலினரும் கலந்து வாழும் பகுதி இது. இங்கே பல்லாண்டு தமிழாசிரியனாய் இருந்த எனக்கு, இப்பகுதிப் பிள்ளைகள் விடுகதை ஆடுவதைக் கேட்கும் வாய்ப்புப் பலமுறை கிடைத்தது. ஒருவரோடு ஒருவர் ஆடுவதினும், இரண்டு கட்சியாய்ப் பிரிந்து ஆடுவதிலேதான் அவர்களுக்கு மகிழ்ச்சி மிகுதி.

ஆடும் முறை எளிது. ஒரு கட்சியார் தமக்குள் கூடிப் பேசி ஒரு சொல்லை மனத்துள் கொள்வர். பின்பு அச்சொல்லை வெளியிடாமல், அதனைக் குறிக்கும் மூன்று குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வர். ஒவ்வொரு குறிப்புக்குப் பின்னும் எதிர்க்கட்சியார் கலந்து ஆராய்ந்து, தம் தலைவன் வாயிலாக ஒரு விடை கூறலாம். முதற்குறிப்பிலேயே விடை கண்டால் மூன்று புள்ளி. இரண்டாவதில் கண்டால் இரண்டு. மூன்றாவதில் கண்டால் ஒன்று. மூன்றிலும் காணாவிடில் விடுகதை போட்டவர்க்கே வெற்றி. ஆதலின், குறிப்புத் தருவோர் விடையை மறைக்க முயல்வர்; கேட்போர் அம்மறைப்பை நீக்க முயல்வர். இவ்விரு முயற்சியும் மோதுவதே இவ்விளையாட்டின் இன்பம்.

இது நேற்றுத் தோன்றிய பழக்கம் அன்று. நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகிய தொல்காப்பியம் இதனைப் 'பிசி' என்று பெயரிட்டுக் கூறுகிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்னும் ஏழனுள் ஒன்றாக அதனை வைத்து எண்ணுகிறது. திண்ணையில் ஆடும் விளையாட்டுக்கு இலக்கண நூலிலே இடம் அளித்தவர் நம் முன்னோர் என்பதை எண்ணி நாம் மகிழலாம். வழங்கும் இடத்திற்கு ஏற்பப் பெயரும் வேறுபடும். குமரி மாவட்டத்தார் இதனை அழிப்பாங்கதை என்பர். ஈழத்துத் தமிழர் நொடி என்பர். புதிர் என்பதும் உண்டு. பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே.

தொல்காப்பியர் பிசியை இருவகையாகப் பகுத்தார். ஒப்புமை கூறி உணர்த்துவது ஒன்று. பொருளின் இயல்பைக் கூறி, அதனைக் கொண்டு விடையைத் துணியச் செய்வது மற்றொன்று. பழைய உரையாசிரியர் முதல் வகைக்கு யானையைப் பற்றிய பிசி ஒன்றை எடுத்துக்காட்டுவர். அதில் யானையின் உடல் மலையாகவும், தந்தம் பிறையாகவும் உருவகம் பெறும். யானை என்னும் சொல் அங்கே இல்லை. ஆயினும் மலையையும் பிறையையும் கூட்டி நினைப்பவர் மனத்தில் யானை வந்து நிற்கும்.

இரண்டாம் வகைக்கு நம் ஊரிலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம். "உடன்பிறந்தார் இருவர், ஊர்தோறும் ஒன்றாகவே செல்வர், ஒருநாளும் ஒருவரை ஒருவர் தொடார். அவர் யாவர்?" என்று கேட்டால், விடை தண்டவாளம். இங்கு ஒப்புமையினும் இயல்பே மிகுதியாகப் பேசப்படுகிறது. இரண்டு இருப்புக் கம்பிகளும் எங்கும் ஒரே இடைவெளியுடன் செல்லவேண்டும். அவை கூடினால் வண்டி ஓடாது. தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. அன்று தொடங்கிய அவ்விருவர் பயணம் இன்றும் முடிந்தபாடில்லை.

விடுகதையில் வரும் குறிப்புக்கு இரண்டு கடமைகள் உண்டு. அது விடையைக் காட்டவும் வேண்டும். அதே வேளையில் கேட்போரை வேறு வழியில் செலுத்தவும் வேண்டும். விடையை நேரே காட்டிவிட்டால் விளையாட்டு இல்லை. சிறிதும் காட்டாவிட்டாலும் விளையாட்டு இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே குறிப்பை நிறுத்துவதில்தான் திறமை இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

"உடலெங்கும் கண், ஒரு கண்ணும் பார்த்ததில்லை. ஆயினும் கண்ணுள்ளவரே இதனிடம் சிக்குவர்." இக்குறிப்பைக் கேட்டதும் சிலர் மயில்தோகை என்பர். தோகையில் கண் உண்டு. ஆனால் யாரும் அதில் சிக்குவதில்லை. சிலர் சல்லடை என்பர். சல்லடையில் தங்குவது தவிடும் உமியுமே. அவற்றுக்குக் கண் ஏது? கடற்கரைச் சிறுவன் ஒருவன் மட்டும் தயங்காமல் 'மீன்வலை' என்பான். வலையின் ஒவ்வொரு துளையையும் கண் என்று சொல்வதை அவன் வீட்டில் கேட்டு வளர்ந்தவன். பெரிய மீனுக்குப் பெருங்கண் வலை. சிறு மீனுக்குச் சிறுகண் வலை. இக்குறிப்பில் பொய்யான சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. கண் என்றதும் முகத்துக் கண்ணையே நினைக்கும் நம் மனவழக்கம்தான் நம்மை வழிதவறச் செய்தது.

இவ்வாறு வழிதவறச் செய்வதற்குப் பேருதவி புரிவது ஒரு சொல் பல பொருள் தருதல். தமிழில் இத்தகைய சொற்கள் மிகப் பல. "உண்பார் முன்னும் இருப்பேன், உப்புநீர் மேலும் மிதப்பேன், உழவர் களத்தில் நெல்லையும் அளப்பேன்" என்று ஒருவன் கேட்கிறான். சோற்றுத் தட்டு கடலில் மிதக்குமோ, படகு நெல்லை அளக்குமோ என்று கேட்போர் மயங்குவர். விடை 'கலம்' என்பது. உண்ணும் பாத்திரமும் கலம், மரக்கலமும் கலம், முகத்தல் அளவையிலும் கலம் உண்டு. "ஐந்தை அடுத்து நிற்பேன், ஆழியைத் தேடி ஓடுவேன்" என்பதற்கு விடை 'ஆறு'. "நாடகம் தொடங்கும்போது விலகுவேன், கடற்கரையில் ஓயாது வருவேன், முதியோர் முகத்திலும் வாழ்வேன்" என்பதற்கு விடை 'திரை'.

இருபொருள்படப் பாடுவதைச் சிலேடை என்பர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவர் இத்துறையில் ஒப்பற்றவர். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் வைத்துப் பாடினார். பாம்பையும் எள்ளையும் அவ்வாறே பாடினார். அவர் பாட்டைக் கேட்டோர் முதலில் திகைத்துப் பின்னர் மகிழ்ந்தனர். பொருளால் சிறிதும் தொடர்பில்லாத இரண்டைச் சொல்லால் ஒன்றாக்கிக் காட்டியது அவர் திறம்.

சொல்லின் பொருளை மறைப்பது போலவே சொல்லின் எழுத்தையும் மறைத்து ஆடலாம். சோழர் காலத்தில் தோன்றிய தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் இத்தகைய சொல் விளையாட்டுகளைச் சித்திரகவி என்னும் பகுதியில் வகுத்துக் கூறுகிறது. வினாவுத்தரம் என்பது அவற்றுள் ஒன்று. சில வினாக்களைக் கேட்டு, அவற்றின் விடைகளை ஒன்று சேர்த்தால் மற்றொரு பொருள் கிடைக்குமாறு அமைப்பது அது. "ஆற்றில் இறங்கி நீராடும் இடம் எது? கண்ணும் மூக்கும் வாயும் ஒன்றாய்க் குடியிருக்கும் இடம் எது? இரண்டும் சேர்ந்தால் கப்பல் தங்கும் இடம் எது?" முதல் விடை துறை, இரண்டாவது முகம், இரண்டும் சேர்ந்தால் துறைமுகம்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய்ப் புதுப்பொருள் காட்டுவதை எழுத்து வருத்தனம் என்றும், ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டுவதை அக்கரச் சுதகம் என்றும் அந்நூல் கூறும். இவற்றைச் சிறிது எளிதாக்கி மாணவரும் ஆடலாம். "முழுச்சொல் மக்கள் நெருங்கி வாழும் பேரூர். முதலெழுத்தை நீக்கினால் கை. மூன்றாம் எழுத்தை மட்டும் நீக்கினால் அக்கையின் விரல் நுனியில் இருப்பது." விடை 'நகரம்'. முதலெழுத்துப் போனால் கரம். மூன்றாம் எழுத்தாகிய ரகரம் போனால் நகம். எழுத்தெண்ணிப் படித்தல் என்று பெரியோர் சொல்வது எத்துணைப் பயனுடையது என்பது இத்தகைய விளையாட்டால் விளங்கும்.

நாம் வாழும் ஊரின் பெயரேகூட ஒரு விடுகதை போல அமைவதுண்டு. இராயபுரம் என்றதும், இராயர் என்னும் பட்டம் தாங்கிய அரசர் எவரோ ஆண்ட ஊர் போலும் என்று நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. இயேசுவின் சீடருள் ஒருவராகிய பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று வழங்குவர். அவர் பெயரால் இங்கு எழுந்த தேவாலயத்தைக் கொண்டே ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். முதலில் தோன்றும் பொருளே முடிந்த பொருள் என்று கொள்ளலாகாது என்பதற்கு இப்பெயர் ஒரு சான்று.

இனி, இவ்விளையாட்டின் உயிர்நாடியாகிய ஒரு நெறியைக் கூறவேண்டும். கேட்போரை வழிதவறச் செய்வதே நோக்கமாயின், பொய்யான குறிப்புத் தரலாமா? இவ்வினா என் வகுப்பிலேயே ஒருமுறை எழுந்தது. இரண்டு கட்சியாய்ப் பிரிந்து மாணவர் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு கட்சியார் 'உப்பு' என்னும் சொல்லை மனத்துள் கொண்டனர். அவர்கள் தந்த முதற்குறிப்பு, "கடல் என் தாய், தாய்மடியில் விழுந்தால் மீண்டும் எழேன்" என்பது. எதிர்க்கட்சியார் தமக்குள் பேசிக்கொண்டபோது உப்பு என்னும் சொல் அவர்கள் வாயில் வந்துவிட்டது. அதனைக் கேட்ட தலைவன், விடை வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சினான். எதிர்க்கட்சியார் வாய் திறக்குமுன் விரைந்து, "வெயில் பட்டால் உருகி மறைவேன்" என்று இரண்டாம் குறிப்பைச் சொல்லிவிட்டான். அவர்கள் உப்பைக் கைவிட்டனர். "கடலில் பிறப்பது, கடலிலேயே கரைவது, வெயிலில் மறைவது - கடல்நுரை" என்றனர். தலைவன் நகைத்து, "அன்று, உப்பே விடை" என்றான்.

அப்பொழுது எதிர்க்கட்சியில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் பெற்றோர் எண்ணூருக்கு அப்பால் உள்ள உப்பளத்தில் பணிபுரிபவர். "ஐயா, வெயில் பட்டால் உப்பு மறையாது, வெயிலில்தான் விளையும். எங்கள் அளத்தில் மழைக்குத்தான் அஞ்சுவோம்; வெயிலுக்கு அஞ்சமாட்டோம்" என்றாள். தலைவனோ, "குறிப்பு என்பது வழிதவறச் செய்வதற்கே அன்றோ? நாங்கள் வழிதவறச் செய்தோம். இதில் பிழை என்ன?" என்று வாதிட்டான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தீர்ப்பு என்னிடம் வந்தது.

நான் அத்தலைவனைக் கடிந்துகொள்ளவில்லை. "உன் குறிப்பை உண்மையாக மாற்று, ஆனால் விடையை எளிதில் காட்டிவிடாதே" என்றேன். அவன் அம்மாணவியிடம் உப்பு எவ்வாறு உண்டாகிறது என்று கேட்டறிந்தான். கடல்நீரைப் பாத்தியில் கட்டுவதும், வெயில் நீரை வற்றச் செய்வதும், வெண்மணிகள் படிவதும், இடையே மழை பெய்தால் உழைப்பெல்லாம் கரைந்து போவதும் அவள் கூறினாள். சிறிது நேரம் எண்ணியபின் அவன் சொன்னான்: "பாத்தியில் விளைவேன், மழை பெய்தால் மாள்வேன்."

வகுப்பு முழுவதும் கைதட்டியது. பாத்தி என்றதும் பயிரை நினைப்போம். விளைதல் என்றதும் நெல்லையும் கீரையையும் நினைப்போம். மழையால் வாழ்வது அன்றோ பயிர்? மழையால் மாளும் பயிர் எது என்று மனம் திகைக்கும். முன்பு சொன்ன பொய்க்குறிப்பைவிட இம்மெய்க்குறிப்பு எத்துணை அருமையாக மறைத்தது! பொய் சொல்வதற்கு உப்பைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லி மறைப்பதற்கோ, உப்பு பிறக்கும் இடமும் வளரும் முறையும் அழியும் வகையும் தெரியவேண்டும். அன்று அம்மாணவன் விடுகதையைத் திருத்தினான். அத்தோடு உப்பளத்தாரின் உழைப்பையும் அறிந்தான். முதலில் கேட்ட இரண்டு குறிப்புகளுக்கும் கடல்நுரை பொருந்தியமையால், அப்புள்ளிகள் எதிர்க்கட்சியார்க்கே உரியவை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

இதிலிருந்து விடுகதைக்குரிய நெறிகள் சிலவற்றை நாம் வகுத்துக்கொள்ளலாம். விடை தெரிந்தபின் குறிப்பைத் திரும்பிப் பார்த்தால், அதன் ஒவ்வொரு சொல்லும் விடைக்குப் பொருந்தவேண்டும். "ஆ! இது நமக்குத் தோன்றவில்லையே!" என்று கேட்போர் வியக்கவேண்டும், "நம்மை ஏமாற்றிவிட்டனரே!" என்று வருந்தலாகாது. எல்லாக் குறிப்புகளுக்கும் வேறொரு விடை பொருந்துமாயின் அதனையும் ஏற்கவேண்டும். கேட்போர்க்கு அறவே அறிய இயலாத பொருளை விடையாக வைத்தலும் கூடாது. இந்நெறிகளைக் காத்து ஆடும் ஆட்டத்தில் தோற்றவர்க்கும் மகிழ்ச்சி உண்டு.

பிற நாட்டாரும் இந்நெறியைப் போற்றினர். கிரேக்கர் கதை ஒன்றில், பெண்முகமும் சிங்கவுடலும் கொண்ட விலங்கொன்று தீப்சு நகரின் அருகே அமர்ந்து, வருவோரை ஒரு புதிர் கேட்டு, விடை கூறாதாரைக் கொன்றுவந்தது. காலையில் நான்கு காலாலும், நண்பகலில் இரண்டு காலாலும், மாலையில் மூன்று காலாலும் நடப்பது எது என்பதே அப்புதிர். தவழும் குழவியும், நிமிர்ந்து நடக்கும் இளைஞனும், கோலூன்றும் முதியவனுமாகிய மனிதனே விடை என்று ஈடிப்பசு கூறினான். வாழ்நாளை ஒரு பகலாகச் சுருக்கியதுதான் அங்கே மறைப்பு. உயிரைக் கவரும் அவ்விலங்கும் பொய்க்குறிப்புத் தரவில்லை என்பதை நோக்குக. நம் பாரதக் கதையிலும், பொய்கைக் கரையில் தம்பியர் நால்வரும் வீழ்ந்து கிடக்க, வினாக்களுக்கெல்லாம் தக்க விடை கூறித் தருமன் அவர்களை மீட்டான்.

அண்மைக் காலத்தில் செய்தித்தாள்கள் வழியாக உலகெங்கும் பரவிய குறுக்கெழுத்துப் புதிரும் விடுகதையின் உறவே. ஆர்தர் வின் என்பவர் அமைத்த அத்தகைய புதிர் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் நகரச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்தில், குறிப்புகளை வேண்டுமென்றே மயக்கம் தருமாறு அமைக்கும் வழக்கம் வளர்ந்தது. அங்கும், மேலோட்டமாகப் படித்தால் வேறு பொருள் தோன்றலாம், ஆயினும் கூர்ந்து நோக்கினால் குறிப்பு விடையைச் சரியாகவே காட்டவேண்டும் என்று வல்லுநர் விதி செய்துகொண்டனர். நம் வகுப்பில் உப்பைப் பற்றி எழுந்த வழக்கில் கிடைத்த தீர்ப்பும் இதுவே.

உண்மையான சொற்களால் பிறரை மயக்குவது விளையாட்டில் தகும் என்றோம். வாழ்விலும் தகுமா? இதனை நாம் நன்கு சிந்திக்க வேண்டும். விளையாட்டில் இரு கட்சியாரும் உடன்பட்டே ஆடுகின்றனர். மறைப்பு உண்டு என்பதைக் கேட்போர் முன்பே அறிவர். முடிவில் விடை வெளிப்பட்டுவிடும். யாருக்கும் இழப்பு இல்லை. வாழ்விலோ இந்த உடன்பாடு இல்லை. ஒரு வணிகன் தன் பொருளின் குறையைச் சொல்லாமல் நிறையை மட்டும் சொல்லி விற்கிறான் என்று கொள்வோம். அவன் சொன்ன சொற்கள் யாவும் உண்மையே. ஆயினும் வாங்கியவர் ஏமாந்தார். அவன் செயல் வஞ்சகமே. திருவள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் கூறும்போது, சொல்லால் பிறர்க்குத் தீமை விளையாமையையே அளவுகோலாகக் கொண்டார். அவ்வளவுகோலை எடுத்துக்கொண்டால், விடுகதைக்காரனின் மறைப்பு எது, வஞ்சகனின் மறைப்பு எது என்பது ஐயமின்றி விளங்கும்.

துறைமுகத்தின் அருகே வாழ்வார்க்கு இது மேலும் தெளிவாகும். புயல் வரும் காலத்தில் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவர். பகலில் கூம்பு, உருளை முதலிய வடிவங்களாலும், இரவில் விளக்குகளாலும் அக்குறிப்புகளைக் காட்டுவர். அவற்றுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. முதல் எண் தொலைவில் புயல் உண்டாகக்கூடும் என்பதை அறிவிக்கும். பத்தாம் எண் பெரும் இடரை அறிவிக்கும். பதினோராம் எண், வானிலை அறிவிக்கும் நிலையத்தோடு தொடர்பு அற்றுப்போயிற்று என்பதைக் காட்டும். இவையும் குறிப்புகளே. ஆனால் இங்கே சிறு மயக்கமும் கூடாது. ஒரு கூண்டை மாற்றி ஏற்றினால், கட்டுமரத்தில் செல்பவர் கரை திரும்பாமற்போகவும் கூடும்.

கலங்கரை விளக்கமும் அத்தகையதே. பெரும்பாணாற்றுப்படையிலும் சிலப்பதிகாரத்திலும் பேசப்படும் தொன்மையுடையது அது. இன்றைய விளக்குகள் ஒவ்வொன்றும் தனக்குரிய முறையில் விட்டுவிட்டு ஒளிரும். இருளில் வரும் மாலுமி, எத்தனை முறை ஒளிர்ந்தது, இடையே எத்தனை நொடி இருண்டது என்று எண்ணி, இது இன்ன ஊர் விளக்கு என்று துணிவான். ஒருவகையில் அவனும் கடல் நடுவே ஒரு விடுகதையை விடுவிக்கிறான். ஆனால் அந்த விளக்கு அவனை மயக்க எண்ணுவதில்லை. கரை சேர்க்கவே எண்ணுகிறது. எங்கே மறைத்துச் சொல்லலாம், எங்கே தெளியச் சொல்லவேண்டும் என்று பகுத்தறிவதே சொல்லாற்றலின் பயன்.

மாணவர்களே, உங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் திங்கள்தோறும் ஒருநாள் இவ்விளையாட்டை ஆடுங்கள். கட்சிக்கு ஐவரோ அறுவரோ இருக்கலாம். ஏட்டில் உள்ள பழைய விடுகதைகளை ஒப்பிப்பதோடு நில்லாமல், நீங்கள் காணும் பொருள்களைக் கொண்டு புதியன புனையுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளை வலையையும் துடுப்பையும் பற்றிப் புனையட்டும். தச்சர் வீட்டுப் பிள்ளை உளியையும் இழைப்புளியையும் பற்றிப் புனையட்டும். அலுவலகத்தில் பணிபுரிவோர் பிள்ளை முத்திரையையும் கடிகாரத்தையும் பற்றிப் புனையட்டும். ஒருவர் தொழிலில் வழங்கும் சொல் மற்றவர்க்கும் சென்று சேரும். அகராதியைப் புரட்டும் பழக்கமும் தானே வரும். உங்கள் குறிப்பு சரியானதா என்னும் ஐயம் எழுந்தால், அத்தொழில் செய்வாரையே அணுகிக் கேளுங்கள். அம்மாணவன் உப்பளத்துச் சிறுமியைக் கேட்டது போல, கேட்டுத் தெரிந்துகொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை.

இறுதியாக உங்களுக்கு ஒரு விடுகதை. "ஊர் ஊராய்ப் பயணம் போகையில் உறங்குவான், போன ஊரில் தங்கும்போது உழைப்பான். நீருள் மூழ்கினால் கடமை செய்வான். நீர்மேல் வந்தால் ஓய்ந்திருப்பான். அவன் பிடித்தால் மலை போன்றதும் நகராது." துறைமுகத்தில் நிற்கும் கப்பல் ஒவ்வொன்றும் இதற்கு விடையை நீருக்குள் வைத்திருக்கிறது. அவ்விடை நங்கூரம் என்பதைக் கண்டவர், இனி இதனினும் அரியதொன்றைத் தாமே புனைந்து எதிர்க்கட்சியார் முன் வைப்பாராக.